நூற்றெண்பத்தேழாவது போச்சாது

இதனால் வீரபாண்டி, மண்ணரை மற்றும் சுற்றுவட்டாரத்திலுள்ள டெய்லர்கள், செக்கிங் பெண்கள், கைமடிகள், கம்பெனி பஸ் டிரைவர்கள், கேன்டீன் மாஸ்டர் உள்ளிட்ட சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனித குலம் தோன்றி இத்தனை காலமாகியும் மனிதர்களை எப்படி வைத்து வேலை வாங்குவது என்று தெரியாமல் உலகம் தவித்துவந்த பெருங்குறையானது, வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோயம்புத்தூரில் ஏசி போட்ட ஓர் அறையில் வைத்து நிரந்தரமாகத் தீர்க்கப்பட இருக்கிறது. அன்றுதான் திருப்பூர் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் மனிதவள மேலாளர் திரு. கே. சிவராஜ் அவர்கள், தென்னக மனிதவள வல்லுநர் மன்றத்தின் 'ஃபெல்லோ' என்னும் உச்ச நிலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்.

இந்த அறிவிப்பை யாரும் வெளியிடவில்லை. சிவராஜின் மண்டைக்குள் மட்டும் மைக் செட் போட்டு ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

மன்றத்தில் நான்கு படிகள். மாணவர், இணை உறுப்பினர், உறுப்பினர், ஃபெல்லோ. ஃபெல்லோ என்பதற்குத் தமிழில் என்ன என்று மன்றத்துக்கே தெரியாது. தெரிந்தால் மரியாதை குறைந்துவிடும் என்ற பயத்தில் அப்படியே வைத்திருந்தார்கள். ஆனால் அதை வாங்கியவர் தன் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று எழுத்துகளில்தான் சிவராஜின் நாற்காலி நின்றுகொண்டிருந்தது.

முதலாளி லிங்கசாமியின் மகள் தேஜஸ்ரீ வெளிநாட்டில் படித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்ததும் செய்த முதல் காரியம், யார் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டதுதான். சிவராஜ் தபாலில் பி.ஏ. மண்ணரையில் உள்ள பழைய யூனிட்டில் டைம் கீப்பராகச் சேர்ந்து, கார்டு பஞ்ச் பண்ணி, பஸ் ஏற்பாடு பண்ணி, ஒடிசாவிலிருந்து ஆள் கூட்டிவந்து, ஹாஸ்டலில் தண்ணீர் வராத அன்று லாரியோடு நின்று, இருபத்து மூன்று வருடத்தில் மனிதவளம் ஆனவர். பட்டியலில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. அடுத்த வாரமே கோவையில் எம்.பி.ஏ. முடித்த அருண்குமார் வந்து சேர்ந்தான். நல்ல பையன். நாற்காலியின் எந்தச் சக்கரம் இறுகும் என்று சிவராஜிடமே மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

லிங்கசாமி கூப்பிட்டுச் சொன்னது சுருக்கம். "சிவராசு, எனக்கு உன்னையத் தெரியும். பாப்பாவுக்குப் பேப்பரைத்தான் தெரியும். மாசக் கடைசிக்குள்ள ஒரு பெரிய பேப்பரா வாங்கியாந்துரு, அப்பறமேலு நான் பேசிக்கறேன். இல்லீன்னா மண்ணரை யூனிட்டுல டைம் ஆபீசு காலியாத்தான் கெடக்குது."

நாற்பத்தாறு வயதில் டைம் ஆபீஸ். மகள் கல்லூரியில், "எங்கப்பா எச்.ஆர். மேனேஜர்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். சிவராஜ் அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஃபெல்லோ ஆவதற்கு முதலில் தொடர் வளர்ச்சிப் புள்ளிகள் வேண்டும். அதையெல்லாம் அவர் மூன்று வருடமாகவே சேர்த்துவந்திருந்தார். 'தலைமைப் பண்பில் கருணையின் இடம்' என்ற ஒன்றரை மணி நேர ஆன்லைன் உரையை, பல்லடம் ரோட்டில் நின்றுபோன கம்பெனி பஸ்ஸின் பக்கத்தில் நின்று, ஒரு காதில் கருணையும் மறு காதில் டிரைவரின் வசவுமாகக் கேட்டு முடித்தார். மூன்று புள்ளிகள். 'விழிப்போடு செவிமடுத்தல்' என்ற வகுப்பில் பாதி நேரம் தூங்கினார். அதற்கும் மூன்று புள்ளிகள். தூங்கியதற்குக் குறைக்கும் வழக்கம் மன்றத்தில் இல்லை.

அதற்கு மேல், சொந்தச் சாதனையைப் பற்றி ஒரு கட்டுரை. சிவராஜ் எழுதியது: 'கேட்கும் நிறுவனம்: குறைதீர்ப்பில் நூறு சதவீதம்.' இரண்டு வருடத்தில் பதிவான புகார்கள் இருநூற்றுப் பதினான்கு. தீர்ந்தவை இருநூற்றுப் பதினான்கு. இப்படி ஒரு கணக்கை எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை என்று மன்றத்தின் செயலாளரே போனில் பாராட்டினார்.

இந்தச் சாதனையின் ரகசியம் ஒரு சொல்லில் இருந்தது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல் தெரியும். 'போச்சாது.'

பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டால், போச்சாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டால், போச்சாது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே போனால், அப்பன்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்வதும் அதுதான். பரவாயில்லை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அது பரவாயில்லை அல்ல. இனி இதைப் பற்றிப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை, உங்கள் முகத்தை நானும் என் முகத்தை நீங்களும் நாளைக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆகையால் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்பதுதான் அதன் முழுப் பொருள். இதில் ஒரு 'ங்க' சேர்ந்துவிட்டால் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார்கள் என்று அர்த்தம்.

கம்பெனியின் புகார்ப் படிவத்தில் கடைசிக் கட்டம் 'பணியாளரின் கருத்து'. புகார் சொன்ன பெண்ணை ஒரு வாரம் கழித்து சிவராஜ் கூப்பிடுவார். பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாளோ, சூப்பர்வைசர் அய்யாசாமியின் வாயோ, அதைப் பற்றி மேலே சொல்லியிருப்பதாகவும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "போச்சாதுங்க" என்பாள். சிவராஜ் அதைக் கட்டத்தில் பரவாயில்லை என்று எழுதுவார். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆடிட்டுக்காக இங்கிலீஷில் போடும்போது அது 'சாட்டிஸ்ஃபைட்' ஆகும். தாழ்ப்பாள் அப்படியே இருக்கும். சிவராஜும் உடுமலைப் பக்கத்துக் கொமரலிங்கம் ஊர்க்காரர்தான். அந்தச் சொல்லைத் தாய்ப்பாலோடு குடித்தவர். அவருக்கு அர்த்தம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில், போன வெள்ளிக்கிழமை மன்றத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. நேர்முகத்தின்போது 'பணியாளர் குரல் சரிபார்ப்பு' நடக்கும். பதிவேட்டிலிருந்து குலுக்கலில் ஒரு வரிசை எண் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட பணியாளர் புதன்கிழமை காலை போனில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யவும். வரிசை எண் 187.

சிவராஜ் பதிவேட்டைத் திறக்கவில்லை. திறக்காமலே தெரியும். இருநூற்றுப் பதினான்கில் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்த ஒரே எண் அதுதான்.

தமிழ்மதி. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், பதினெட்டாம் நம்பர் மெஷின். அவளும் கொமரலிங்கம். அவள் அம்மா சென்னம்மாளும் சிவராஜின் அம்மாவும் ஒரே வயலில் களை எடுத்தவர்கள். அவளை வேலைக்குக் கூட்டிவந்ததே அவர்தான். பீஸ் மடித்துக் கட்டும் கைமடியாக வந்து, செக்கிங் போய், ஓய்வு நேரத்தில் யாராவது எழுந்துபோன மெஷினில் உட்கார்ந்து பழகி, ஆறு வருடத்தில் டெய்லர் ஆனாள். பனியன் கம்பெனியில் டெய்லர் என்பதும் ஒரு ஃபெல்லோதான். சான்றிதழ் மட்டும் கிடையாது.

தையல் மெஷினில் ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க ஒரு சின்னக் கம்பி வளையம் இருக்கும். நீடில் கார்டு என்பார்கள். அது இருந்தால் துணி ஓட்டம் கொஞ்சம் மந்தம். ஆகவே வீரபாண்டி யூனிட்டில் அத்தனை கார்டுகளும் சிவராஜின் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஆடிட்டர் வருகிற அன்று காலையில் மாட்டுவார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி டப்பாவில் போடுவார்கள். டப்பாவின் மூடியில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குழந்தை.

தன் மெஷினுக்கு மட்டுமாவது கார்டு வேண்டும் என்று தமிழ்மதி எழுதிக் கொடுத்தாள். அதுதான் 187. ஒரு வாரம் கழித்து சிவராஜ் அவளைக் கூப்பிட்டு, புரொடக்ஷன் மேனேஜர் மகுடேஸ்வரனிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவள் போச்சாதுங்க என்றாள். பத்தொன்பதாம் நாள் ஊசி அவள் வலது ஆள்காட்டி விரலுக்குள் போய் உடைந்தது.

உடைந்த ஊசியின் துண்டுகள் அத்தனையும் கிடைத்தால்தான் லைனை மறுபடி ஓட்டலாம். குழந்தை உடுப்பில் ஊசித் துண்டு போய்விட்டால் பையர் ஆர்டரையே ரத்து செய்வான். ஆகவே அய்யாசாமி முதலில் ஓடியது முதலுதவிப் பெட்டிக்கு அல்ல, காந்தக் கட்டைக்கு. மூன்று துண்டில் இரண்டு கிடைத்தன. மூன்றாவது எங்கே என்று தரையைத் துழாவினார்கள், பீஸை உதறினார்கள். கடைசியில் தமிழ்மதிதான் மெதுவாகச் சொன்னாள், அது உள்ளே இருக்கிறதென்று. ஆஸ்பத்திரியில் எடுத்த துண்டை ஆள் போய் வாங்கிவந்து, ஊசிப் பதிவேட்டில் மற்ற இரண்டோடு பொருத்திப் பார்த்து, டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்து அடுத்த ஆடிட்டர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

விரல் மடங்கவில்லை. தமிழ்மதி மண்ணரை யூனிட்டில் மறுபடியும் செக்கிங் டேபிளுக்குப் போனாள். சிவராஜின் கட்டுரையில் எட்டாம் பக்கத்தில், 'பணிச் சுழற்சி மூலம் தொழில் வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழே ஓர் உதாரணமாக அவள் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவராஜ் மண்ணரைக்குப் போனார். என்ன பேசுவது என்று ஸ்கூட்டரில் வரும்போதே மூன்று விதமாகப் பேசிப் பார்த்திருந்தார். லைன் வீட்டு வாசலில் செருப்பை விட்டதும் மூன்றும் மறந்துபோயின. சென்னம்மாள் எழுந்து பாயை உதறிப் போட்டு, வாங்க தம்பி என்றாள். ஊர்ப் பக்கம் மழை உண்டா, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்று கொஞ்ச நேரம் ஓடியது. தமிழ்மதி டீ கொண்டுவந்தாள். டம்ளரை நான்கு விரலால் பிடித்திருந்தாள். ஐந்தாவது விரல் அவரையே காட்டிக்கொண்டு நேராக நின்றது.

புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன் வரும் என்றும், அந்தப் புகார் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள் என்றும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதை வைத்துத்தான் தன் வேலை என்பதையும் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு தோன்றியது.

"பொய்யிங்களா தம்பி சொல்லோணும்?" என்று கேட்டாள் சென்னம்மாள். சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அய்யோ, அப்படியில்லீங்கம்மா. மனசுல பட்டதைச் சொன்னாப் போதும்."

"மனசுல பட்டதைச் சொன்னா உங்களுக்கு ஆகுமுங்களா?"

"அம்மா, சும்மா இரு" என்றாள் தமிழ்மதி. பிறகு சிவராஜைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, பதினெட்டுல இப்ப யாருங்க உக்காந்திருக்கறது?"

"மூக்கம்மாள்னு, தெக்க இருந்து வந்த புள்ள."

"கார்டு போட்டிருக்குதுங்களா?"

"போட்டுரலாம் கண்ணு."

"போட்டிருக்குதுங்களான்னு கேட்டேனுங்க."

"நாளைக்கே போட்டுர்றேன்."

"சரிங்ண்ணா" என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

சிவராஜ் அதை மனதாரத்தான் சொன்னார். நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், செய்யவும் செய்தார். திங்கட்கிழமை காலை பீரோவைத் திறந்து, சிரிக்கும் குழந்தையைத் திறந்து, ஒரு கார்டையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு தானே லைனுக்குப் போனார். மகுடேஸ்வரன் பார்த்துவிட்டு, இன்றைக்கு யார் ஆடிட் என்று கேட்டார். ஆடிட் இல்லை என்றதும், வியாழக்கிழமை ஷிப்மெண்ட்டை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்றார். ஒரே ஒரு மெஷின்தான் என்று சிவராஜ் கெஞ்சினார். கோட் சூட் தைக்கக் கொடுத்திருக்கும் மனிதர் ஊசியின் கீழே குனிந்து திருகாணி முடுக்குவதை லைனே வேடிக்கை பார்த்தது. எழுந்தபோது முட்டியில் நூல் தூசி. மனதில், கருணைக்கு இடம் கிடைத்துவிட்டதுபோல ஒரு லேசு.

சாயங்காலம் மூக்கம்மாள் கேபின் வாசலில் வந்து நின்றாள். கையில் கார்டு.

"அண்ணே, இத மறந்துட்டுப் போயிட்டீக."

மறக்கவில்லை, அது அவளுடைய பாதுகாப்புக்கு என்று சிவராஜ் விளக்கினார். இதற்கு முன் அந்த மெஷினில் நடந்ததையும் தொட்டும் தொடாமலும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இது இருந்தா மணிக்கு எட்டு பீஸு குறையுதுண்ணே. அய்யாசாமி வாய்க்கும் சேத்து ஒரு கார்டு இருந்தா குடுங்க, ரெண்டையும் மாட்டிக்கிறேன்."

அருண்குமார் தன் லேப்டாப்புக்குப் பின்னால் சிரித்துவிட்டான். மூக்கம்மாள் கார்டை மேஜையில், கட்டுரையின் மேல் வைத்துவிட்டுப் போனாள். சிவராஜ் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொள்ளலாம். தொழிலாளிக்கு ஒரு போச்சாது என்றால் நிர்வாகத்துக்கு ஒரு பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கம்பெனியை ஓட்டுகின்றன. இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. ஒரு புள்ளிகூடக் கிடையாது.

புதன்கிழமை காலை அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மன்றத் தலைவர் டாக்டர் தரணீதரன், சென்னைக்காரர். தான் மூச்சு விடுவதையும் மேற்கோளாகக் குறித்துக்கொள்ளலாம் என்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுபவர். இன்னொருவர் பூவாத்தாள், உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் ஆள் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். அவர் அதிகம் பேசவில்லை. தலைவருக்குப் போச்சாது தெரியாது. அம்மாளுக்குத் தெரியும்.

தலைவர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். பாதிக் கேள்விகளுக்கு அவரே பதிலும் சொன்னார். மனிதவளத் துறையின் ஆன்மா எது என்று கேட்டுவிட்டு, செவி என்றார். பிறகு போனை மேஜை நடுவில் வைத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி செய்துவிட்டு, 187-ஐக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் மண்ணரை யூனிட்டின் ஃபேன் சத்தம்.

அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. அவளுடைய குரல் மன்றத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்கினார். கடைசியாக, "அம்மா, நீங்க மெஷின் சம்பந்தமா ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கீங்க. அது தீர்ந்துச்சா?" என்று கேட்டார்.

ஃபேன் சுற்றியது. சிவராஜின் சட்டைப் பையில் கார்டு குத்தியது. புதுக் கோட்டுக்கு உள்ளே, சரியாக இடது பக்கத்தில்.

"போச்சாதுங்க" என்றாள் தமிழ்மதி.

தலைவர் புருவத்தை உயர்த்தி சிவராஜைப் பார்த்தார். "அப்படின்னா?"

இந்த இடத்தில் சிவராஜுக்கு நேரம் இருந்தது. வேறு எதையாவது சொல்லும் அளவுக்குத் தாராளமாகவே இருந்தது. டைம் ஆபீஸின் தகர ஜன்னல் தெரிந்தது. அருண்குமார் நாற்காலியில் சாய்ந்து பார்ப்பது தெரிந்தது. டம்ளரைப் பிடித்த நான்கு விரலும் தெரிந்தன.

"பரவாயில்லைன்னு அர்த்தம் சார்."

"குட்" என்று தலைவர் எழுதினார். "சாட்டிஸ்ஃபைட்."

"ஒரு நிமிசமுங்க" என்றார் பூவாத்தாள். போனின் பக்கம் குனிந்தார். "கண்ணு, நான் உடுமலைக்காரிதான். எதுக்குப் போச்சாதுங்கற?"

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் தள்ளிப்போனது.

"சிவராசண்ணன் அங்கதானுங்களா இருக்காரு?"

"இங்கதான் கண்ணு இருக்காரு. எதுத்தாப்புல."

"அப்பப் போச்சாதுங்க."

போன் வைக்கப்பட்டது. தலைவர் இதை, மேலாளர்மேல் பணியாளருக்குள்ள நம்பிக்கைக்குச் சான்றாகக் குறித்துக்கொண்டார். பூவாத்தாள் முன்னால் விரித்திருந்த பதிவேட்டில் 187-ஐ ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடிக்கும் வரை சிவராஜையே பார்த்தார்.

"தம்பி, அந்த மெஷினுக்கு இப்பக் கார்டு போட்டிருக்குதுங்களா?"

"பாத்துக்கறேனுங்கம்மா" என்றார் சிவராஜ். அவர் கை தன்னையறியாமல் கோட்டின் இடது பக்கத்துக்குப் போய்த் திரும்பியது.

முப்பது வருட அனுபவசாலிக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மதிப்பெண் தாளில் என்னவோ எழுதினார். பேனாவை மூடினார்.

"போச்சாதுங்க" என்றார்.

சிவராஜ் திருப்பூர் வரும் வரை பஸ்ஸில் அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பாஸா, ஃபெயிலா, மன்னிப்பா, சாபமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருநூற்றுப் பதினான்கு முறை அந்தச் சொல்லை மொழிபெயர்த்த மனிதருக்கு, அது தனக்கே வந்தபோது எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. எட்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மண்ணரைக்கு ஒரு போன் போட்டு ஏதாவது சொல்லலாமென்று நம்பரை எடுப்பார், வைத்துவிடுவார்.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. ஃபெல்லோ. செவிமடுக்கும் திறனுக்காகச் சிறப்புப் பாராட்டும் சேர்த்து.

கேன்டீன் ஹாலில் விழா வைத்தார்கள். லிங்கசாமி பொன்னாடை போர்த்தி, இவன் நம்ம ஆளு, அப்பவே தெரியும் என்றார். தேஜஸ்ரீ இங்கிலீஷில் பேசினாள். அருண்குமார் மண்ணரைக்கு மாற்றப்பட்டான், கற்றுக்கொள்வதற்காக. மண்ணரையிலிருந்தும் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள். அதில் தமிழ்மதியும் வந்திருந்தாள். எல்லோரும் கை தட்டியபோது அவளும் தட்டினாள். ஒரு விரல் மட்டும் சேரவில்லை. கேபின் வாசலில் புதுப் பெயர்ப் பலகை மாட்டினார்கள். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகள், பித்தளையில்.

பலகை மாட்டியவர் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். சிவராஜ் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். திறந்ததோடு, இத்தனை நாளாகச் சட்டை மாற்றி மாற்றிப் பையில் வைத்திருந்த கார்டையும் டப்பாவில் போட்டார். பதினெட்டாம் நம்பர் மெஷினுக்கு இன்னும் கார்டு இல்லை.